என் தாடைக்குப் பலம் கூடுதலா, குறைவா?

கேள்வி: எனக்கு வயது 36. அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக வலது தாடையில் வலி. காலையில் எழுந்ததும் கன்னம் இறுகிக் கிடக்கிறது. ஐந்து பாடவேளை முடித்து மாலையில் வீடு திரும்பும்போது நெற்றிப்பொட்டு வரை தெறிக்கிறது. வாயைத் திறந்தால் காதோரம் சொடக்கு விடுவதுபோல் சத்தம். ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். ஒரு மருத்துவர், "பல்லைக் கடித்துக் கடித்து உங்கள் தாடைத் தசை அளவுக்கு மீறிப் பலமாகிவிட்டது, ஊசி போட்டுத் தளர்த்த வேண்டும்" என்றார். உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் என் அண்ணன் மகனோ, "அத்தை, உங்கள் தாடையில் பலமே இல்லை" என்று சொல்லி, கடித்துப் பழக ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தான். பத்து நாள் கடித்தேன். வலி காதுக்குள் இறங்கிவிட்டது. 71 வயது மாமியார் சீடையை நொறுக்குகிறார். எனக்குச் சப்பாத்தியே பாதியில் நின்றுவிடுகிறது. என் தாடைக்குப் பலம் கூடுதலா, குறைவா?

— ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் தாடையால் இப்போது அழுத்திக் கடிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் தசையில் பலம் தீர்ந்துபோனதால் அப்படி ஆகவில்லை. இருக்கிற பலத்தை வெளியே விடாமல் வலி பிடித்து வைத்திருக்கிறது. காலில் முள் தைத்தவர் பாதத்தை ஊன்றாமல் நொண்டுகிறார். அவர் காலில் பலம் போய்விட்டது என்று நாம் சொல்வதில்லை. தொடையைப் பலப்படுத்தப் பஸ்கி எடுக்கச் சொல்வதும் இல்லை. முள்ளை எடுக்கிறோம். தாடை விஷயத்தில் மட்டும் ஏனோ பலரும் முள்ளை விட்டுவிட்டுத் தசையோடு மல்லுக்கு நிற்கிறார்கள். ஒருவர் அதைத் தளர்த்தப் பார்க்கிறார், இன்னொருவர் முறுக்கப் பார்க்கிறார். நடுவில் நீங்கள் அவதிப்படுகிறீர்கள்.

என் அறையில் அடிக்கடி பார்க்கும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். கடிக்கும் விசையை அளக்க ஒரு சிறு கருவி இருக்கிறது. தகடு போன்ற அதன் முனையைக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே வைத்து, "முடிந்த மட்டும் கடியுங்கள்" என்பேன். நாள்பட்ட தாடை வலி உள்ளவர் கடிக்கத் தொடங்கியதும் நான் எண்ணைப் பார்ப்பதில்லை, அவர் கையைப் பார்ப்பேன். கை நாற்காலியின் பிடியை இறுக்கும், கண் சுருங்கும், தோள் மேலே ஏறும். எண் கொஞ்சம் உயரும்போதே தாடை சட்டென்று விட்டுவிடும். "வலித்ததா?" என்று கேட்டால், "இல்லை, வலித்துவிடுமோ என்று தோன்றியது" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. தசை தன் எல்லையைத் தொடவே இல்லை. அதற்கு வெகு முன்னாலேயே மூளை பிரேக்கை மிதித்துவிட்டது.

இது மனப்பிரமை என்று நான் சொல்லவருவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பிரேக்கை நீங்கள் வேண்டுமென்று போடுவதில்லை. நரம்பு மண்டலம் தானாகப் போடுகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள தன்னார்வலர்களின் கன்னத் தசையில் செறிவான உப்புக் கரைசலைச் சிறிதளவு ஊசி மூலம் செலுத்தும் ஒரு சோதனை முறை உண்டு. சில நிமிடங்களுக்குத் தசை வலி வரும், பிறகு தானே அடங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களில் அவர்களால் முன்பு போல் அழுத்திக் கடிக்க முடிவதில்லை. வலி அடங்கியதும் முடிகிறது. சில நிமிடத்தில் எந்தத் தசையும் இளைத்துப்போக வழியில்லை. வலி ஒன்றே போதும், தாடை அடங்கிவிடும்.

இதை ஒழுங்காகக் கோத்துச் சொன்னவர், கனடாவில் பணியாற்றிய நரம்பியல் ஆய்வாளர் ஜேம்ஸ் லண்ட். அதற்கு முன்பு பல ஆண்டுகளாக மருத்துவ உலகில் நிலவிய எண்ணம் வேறு: தசை இறுகுகிறது, அதனால் வலிக்கிறது, வலியால் மேலும் இறுகுகிறது, அது ஒரு நச்சு வட்டம் என்றார்கள். உங்களுக்கு ஊசி போடச் சொன்ன மருத்துவர் படித்ததும் அதுவாகத்தான் இருக்கும். எனக்கும் கல்லூரியில் அப்படித்தான் கற்பித்தார்கள். 1991இல் லண்டும் அவருடைய சகாக்களும் அதற்கு நேர் எதிரான பக்கத்திலிருந்து பார்த்தார்கள். வலி இருக்கும்போது வாயை மூடும் தசைகள் முழு வேகத்தில் வேலை செய்வதில்லை. அவற்றை எதிர்த்து இழுக்கும் தசைகள் சற்றுக் கூடுதலாக வேலை செய்கின்றன. அதனால் அசைவு மெதுவாகிறது, சிறிதாகிறது, விசை குறைகிறது. அடிபட்ட இடத்தைக் காப்பாற்ற உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது என்றார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மர்ரேயும் பெக்கும் 2007இல் இதை இன்னும் விரித்தார்கள். இந்த ஏற்பாடு எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. ஒருவருடைய பயம், முன் அனுபவம், வலி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும் என்றார்கள். நோயாளிகளைப் பார்க்கும்போது எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஒருவர் இடப்பக்கம் மட்டும் மெல்லுவார். ஒருவர் முன்பல்லால் கிள்ளித் தின்பார். உங்களுக்குச் சப்பாத்தி பாதியில் நின்றுவிடுகிறது.

எண்ணிலும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வலியில்லாத பெரியவர்கள் கடைவாய்ப் பல்லில் முழு மூச்சாகக் கடித்தால், பொதுவாக 300 முதல் 700 நியூட்டன் வரை விசை வரும். ஏறத்தாழ 30 முதல் 70 கிலோ எடை அழுத்துவது போல. ஆண்களுக்குக் கூடுதலாகவும் பெண்களுக்குக் குறைவாகவும் இருக்கும். கருவிக்குக் கருவியும் மாறும். அதனால் ஓர் இடத்தில் எடுத்த எண்ணை இன்னோர் இடத்தில் எடுத்ததோடு ஒப்பிடக் கூடாது. நாள்பட்ட தாடை வலி உள்ளவர்களை அளந்த ஆய்வுகள் பலவற்றிலும் இந்த விசை குறைவாகவே வந்திருக்கிறது. கடித்த கடியை விடாமல் தாக்குப்பிடிக்கும் நேரமும் அவர்களுக்குக் குறைவு. ஆனால் அன்றாடச் சாப்பாட்டுக்கு நாம் இந்த முழு விசையில் ஒரு சிறு பங்கைத்தான் செலவிடுகிறோம். சப்பாத்தி மெல்ல 70 கிலோ தேவையில்லை. உங்களிடம் இப்போது இருப்பதே அதற்குத் தாராளமாகப் போதும். அது வெளியே வராததுதான் சிக்கல்.

சரி, அந்த மருத்துவர் சொன்னது முழுத் தவறா? பல்லை இறுக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கலாம். அதில் அவர் சொன்னது சரியாக இருக்கக்கூடும். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு விரல்களைக் கன்னத்தில், காதுக்கு முன்னால், தாடைக் கோணத்துக்குச் சற்று மேலே வைத்துப் பல்லைக் கடியுங்கள். விரலுக்கடியில் ஒரு மேடு எழும்பும். அதுதான் முதன்மையான மெல்லும் தசை. நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக் கடித்தால் அங்கும் ஒன்று துடிக்கும். மாலையில் உங்களுக்குத் தெறிப்பது அதுதான். இறுக்கும் பழக்கம் உள்ள சிலருக்குக் கன்ன மேடு பெரிதாகவே இருக்கும். ஆனால் பெரிய மேடு உள்ள எத்தனையோ பேருக்கு வலியே இருப்பதில்லை. இரவெல்லாம் நறநறவென்று பல்லைக் கடித்துவிட்டு, காலையில் கடலைமிட்டாய் தின்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தசை பெரிதாக இருப்பது வேறு, வலிப்பது வேறு. பெரிய தசையைச் சிறிதாக்கினால் வலி போகும் என்ற கணக்கு அதனால்தான் பொய்த்துப் போகிறது.

அந்த ஊசி பொட்டுலினம் நச்சு. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைச் சில மாதங்களுக்கு மறித்து வைக்கும். ஏற்கெனவே பிரேக் போட்ட வண்டியின் எஞ்சினையும் கழற்றுவது போன்றது அது. 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், நாள்பட்ட தாடை வலிக்கான சர்வதேச வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. நோயாளிகளையும் குழுவில் சேர்த்துக்கொண்டு தயாரித்தது அது. வலுவாகப் பரிந்துரைத்தவை எல்லாம் எளிய வழிகள்: நோயைப் பற்றிப் புரியவைத்து அச்சம் நீக்குவது, வீட்டில் செய்யும் பயிற்சி, தேர்ந்தவர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சியும் கழுத்து–தோள் நிலைப் பயிற்சியும், கையால் தசை முடிச்சுகளைத் தளர்த்துவது, சிந்தனை–நடத்தைச் சிகிச்சை. பொட்டுலினம் ஊசியை வேண்டாம் என்ற பக்கத்தில்தான் வைத்தார்கள். பல்லின் மேல் மாட்டிக் கழற்றும் தகடு, மூட்டுக்குள் போடும் ஊசிகள் பலவும் அதே பக்கத்தில்தான். அது நிபந்தனையுடன் கூடிய 'வேண்டாம்'. சில தனி நோயாளிகளுக்கு மருத்துவர் வேறு முடிவு எடுக்கலாம். பல் தேய்ந்து போகிற அளவுக்குக் கடிப்பவருக்குப் பல்லைக் காப்பாற்றத் தகடு கொடுக்க நான் தயங்குவதில்லை. ஆனால் பல்லை ராவி, கடியையே நிரந்தரமாக மாற்றும் எந்த வேலைக்கும் இந்த வலியைக் காரணமாகச் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். ராவிய பல் திரும்ப வளராது.

இனி ரப்பர் பந்து. உங்கள் அண்ணன் மகன் அன்பில்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஆனால் தாடைக் கோடு அழகாகும் என்று ஆசை காட்டி அவற்றை விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. இருபது வயதுப் பிள்ளைகள் மாதக் கணக்கில் அதை மென்றுவிட்டு, வாய் திறக்க முடியாமல் வந்து உட்காருகிறார்கள். வலிக்கிற தாடையை எதிர்ப்பு விசைக்கு எதிராக நூறு முறை கடிக்கச் சொன்னால், பலம் சேர்வதில்லை. 'கடித்தால் ஆபத்து' என்ற பாடத்தைத்தான் நூறு முறை மூளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பிரேக் இன்னும் அழுத்தமாக விழுகிறது. பத்து நாளில் உங்களுக்கு நடந்தது இதுதான். சூயிங் கம்மும் இதே கணக்குதான்.

அப்படியானால் தசைக்கு வேலையே கொடுக்க வேண்டாமா? கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாக இட்லியும் குழைந்த சாதமுமாகவே ஓட்டினால் தசைக்கும் வேலைப் பழக்கம் விட்டுப்போகும்; சீக்கிரம் களைக்கும். ஆனால் முதலில் ஓய்வு, பிறகு அசைவு, கடைசியில் பளு. இந்த வரிசை மாறக் கூடாது.

ஓய்வு என்று நான் சொல்வது பேசாமல் இருப்பதை அல்ல. உங்கள் வேலையில் அது நடக்காது. பல்லும் பல்லும் தொடாமல் இருப்பதைச் சொல்கிறேன். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் பற்கள் தொடுகிற நேரத்தை எல்லாம் கூட்டினாலும் ஒரு நாளைக்கு 20 நிமிடத்தைத் தாண்டாது என்பது பழைய கணக்கு. மீதி நேரமெல்லாம் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். நீங்கள் தமிழாசிரியை என்பதால் உங்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம்: இரண்டு சுழி 'ன்' ஒலியைச் சொல்லி அப்படியே நிறுத்துங்கள். நாக்கின் நுனி மேல்முன் பற்களுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் ஒட்டி நிற்கிறதல்லவா? உதட்டை மட்டும் மெல்ல மூடுங்கள். இப்போது உதடு சேர்ந்திருக்கிறது, பல் விலகியிருக்கிறது. தாடை ஓய்வெடுக்கும் நிலை இதுதான்.

நாளெல்லாம் இதை நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது. அதனால் ஓர் அடையாளத்தோடு கட்டிவிட வேண்டும். நீங்கள் பல்லை இறுக்கும் நேரம் எது என்று யோசித்துப் பாருங்கள். என் கணிப்பு, விடைத்தாள் திருத்தும் நேரம். தலை குனிந்திருக்கும், தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், சிவப்புப் பேனா ஓடும், பற்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஒவ்வொரு தாளின் மேலும் மொத்த மதிப்பெண் போட்டு வட்டமிடும்போது ஒரு 'ன்' சொல்லி உதட்டை மூடுங்கள், தோளை இறக்குங்கள். நாற்பது தாளுக்கு நாற்பது முறை ஆகிவிடும். முதல் வாரம் எத்தனை முறை பல் ஒட்டியிருக்கக் காண்கிறீர்கள் என்பது உங்களுக்கே வியப்பாக இருக்கும். இரவில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்திலும் பொட்டிலும் 15 நிமிடம் வைத்திருங்கள். குப்புறப் படுக்க வேண்டாம். கையில் தாடையைத் தாங்கி உட்காரும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கொட்டாவி வரும்போது முகவாய்க்கட்டைக்கு அடியில் முஷ்டியை வைத்து மெல்லத் தடுங்கள்.

இரண்டு வாரம் இப்படிப் போய் காலை இறுக்கம் சற்றுத் தளர்ந்ததும் அசைவுக்கு வரலாம். நாக்கு நுனியை அதே 'ன்' இடத்தில் வைத்துக்கொண்டு, அது நழுவாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுங்கள். சிலி நாட்டு இயன்முறை மருத்துவர் மரியானோ ரொக்கபாதோ வகுத்த பயிற்சி முறையில் ஒவ்வொன்றும் ஆறு முறை, ஒரு நாளைக்கு ஆறு வேளை. எளிதில் மறக்காத கணக்கு என்பதால் நானும் அதையே கொடுக்கிறேன். கண்ணாடியில் பார்த்துச் செய்யுங்கள். தாடை ஒரு பக்கமாக வளைந்து இறங்கினால் வேகத்தைக் குறையுங்கள், நேராக இறங்கும். சொடக்குச் சத்தம் வந்தால் கவலை வேண்டாம். வலியில்லாத பலருடைய தாடையும் சத்தம் போடும். அதை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்காமல் இருந்தால் போதும்.

அது பழகியதும் கைவிரலால் எதிர்ப்பு. வாய் சற்றுத் திறந்திருக்க, கட்டைவிரலை முகவாய்க்கு அடியில் வைத்து, தாடையை மெல்லக் கீழே தள்ளுங்கள். விரல் நகர விடக் கூடாது. ஆறு எண்ணும்வரை. அப்படியே இடது பக்கம், வலது பக்கம். எவ்வளவு விசை? சமையலறையில் எடைத் தராசு இருந்தால் விரல் நுனியால் அழுத்தி ஒரு கிலோ எப்படி இருக்கும் என்று பாருங்கள். நாங்கள் நோய் கண்டறியத் தசையை அழுத்துவதும் ஏறக்குறைய அந்த விசையில்தான். பயிற்சிக்கு அதில் பாதி போதும்.

கடைசியாக, பளு. இதற்கு ரப்பர் பந்தைவிடச் சிறந்த கருவி நம் சமையலறையில் இருக்கிறது. இட்லி, பொங்கலில் தொடங்கி தோசைக்கு வாருங்கள். பிறகு வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல். அதற்குப் பிறகு சப்பாத்தி. அசைவம் உண்பவரானால் முதலில் மீன், நன்றாக வெந்த கோழி, பிறகு ஆட்டுக்கறி. முறுக்கும் சீடையும் கடைசிப் படி. ஒவ்வொரு படியிலும் ஒரு வாரமாவது நில்லுங்கள். சிறிய வாயாக எடுத்து, முடிந்தவரை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்லுங்கள். மெல்லும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக வலித்தால் ஒரு படி இறங்குங்கள். அதைத் தோல்வியாக நினைத்து மீண்டும் கஞ்சிக்கே போய்விடாதீர்கள். பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும். அப்போது கடி விசையை அளந்தால் எண் கூடியிருக்கும். கூடிய பங்கில் பெரும்பகுதி புதிதாக வளர்ந்த தசையால் வந்ததாக இருக்காது. பிரேக் தளர்ந்ததால் வந்ததாக இருக்கும்.

பக்கத்தில் இயன்முறை மருத்துவர் இருந்தால் முதல் இரண்டு மூன்று முறை அவர் முன்னால் செய்யுங்கள். வாயின் உள்ளே விரல்விட்டுத் தசையைத் தளர்த்தத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. தூக்கம் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. தூக்கம் கெட்டவர்களுக்கு இந்த வலி எளிதில் விடுவதில்லை. அதைத் தனியாகக் கவனியுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். தாடை களைத்துப்போவதெல்லாம் இந்த நோய் அல்ல. ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு உணவை மெல்லும்போது தாடை வலித்து, மெல்லுவதை நிறுத்தினால் அடங்கி, கூடவே புதிதாகத் தலைவலி, தலை சீவினால் உச்சியில் வலி, பார்வை மங்கல் என்று வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலையின் ரத்தக் குழாய் அழற்சியாக இருந்தால், தாமதித்தால் கண் பறிபோகும். சாப்பிடச் சாப்பிடத் தாடை தொங்கி, கையால் தாங்கி மெல்ல வேண்டியிருந்து, கண் இமையும் இறங்கினால், இரட்டையாகத் தெரிந்தால், நரம்பும் தசையும் சேரும் இடத்தில் கோளாறு இருக்கலாம். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மாடி ஏறும்போது தாடை வலித்து, உட்கார்ந்தால் விட்டால், அது இதயத்தின் வலியாக இருக்கலாம். பாக்கு, புகையிலை போடுகிறவருக்கு வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைந்தால், காரம் பட்டாலே எரிந்தால், அதைத் தசை வலி என்று நினைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. வாயின் உள்தோல் நாராக இறுகும் அந்த நோய் புற்றுநோய்க்கு வழி திறக்கும். வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் ஞானப்பல் பக்கம் சீழ் இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் இவற்றில் எதற்கும் அறிகுறி இல்லை. ஆனாலும் உங்கள் மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் வாய் திறப்பு சரியான அளவில் இருக்கிறது. இரண்டோடு நின்றால், அல்லது மாதத்துக்கு மாதம் குறைந்தால், பயிற்சியைத் தொடங்குமுன் நேரில் காட்டுங்கள்.

பந்தை அண்ணன் மகனிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவன் கற்ற தொழிலில் அடிபட்ட தோளுக்கு என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். முதலில் எடையைக் குறைப்போம் என்பான். ஆறு வாரம் கழித்து, எந்தப் படியில் நிற்கிறீர்கள், காலை இறுக்கம் எத்தனை நிமிடத்தில் விடுகிறது என்று எழுதுங்கள். அதை வைத்து அடுத்ததைச் சொல்கிறேன்.